பச்சை நூல் தைத்த துண்டு

கொல்லைப்புறக் கொடியில் ஒன்பது துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் மட்டும் சாயம் போயிருந்தது.

ஜெயப்ரியா முதலில் அதை முருங்கை இலை வழியாக விழுந்த வெயில் என்றுதான் நினைத்தாள். துண்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். வெளுப்பும் துண்டோடு தள்ளிப் போனது. மெரூன் நிறத் துண்டின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, பாலாடை நிறத்தில் ஒரு திட்டு. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பச்சைப் பட்டு நூலில் ஒரு சின்னத் தையல் இருந்தது. தீபாவின் துண்டு.

ஜெயப்ரியாவின் பார்லரில் ஸ்பெஷல் க்ரீம் வாங்குகிறவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தாள். ஒருத்தி முகத்தில் போட்டதை இன்னொருத்திக்குப் போடக்கூடாது என்பதில் அவளுக்கு ரொம்பக் கண்டிப்பு. தறியில் அறுந்து விழும் பட்டு நூலைப் பொறுக்கி வந்து, தீபாவுக்குப் பச்சை, கண்ணகிக்கு மஞ்சள் என்று ஓரத்தில் அடையாளம் தைத்திருந்தாள். இந்தச் சுத்தத்தைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். க்ரீமில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

தீபா கடைசியாக வந்து பதினான்கு நாள் ஆகியிருந்தது. அதன்பின் அந்தத் துண்டு யார் முகத்திலும் படவில்லை. பருவுக்குப் போடும் ஜெல் ஒன்று உண்டு, அது பட்டால் துணியில் சாயம் போகும் என்பது ஜெயப்ரியாவுக்குத் தெரியும். ஆனால் ஜெல் பட்ட இடம் பொட்டுப் பொட்டாகத்தான் வெளுக்கும். அவள் சாயப்பட்டறைக்காரர் ஜெகநாதனின் மகள். வெயிலில் போன சாயம் எப்படியிருக்கும், சோப்பில் போனது எப்படியிருக்கும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். இது இரண்டுமில்லை. ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் மெல்ல மங்கி, கன்னம் மாதிரி இருந்தது.

சரியாக மூன்று மணிக்குத் தெருவில் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அந்த வருடம், இரண்டாயிரத்து எட்டு, தினமும் மூன்று மணிக்குக் கரண்ட் போகும், ஐந்துக்கு வரும். காலையிலிருந்து தடதடவென்று காதில் அடித்துக்கொண்டிருந்த சத்தம் அறுந்ததும் ஆரணியே மூச்சை அடக்கிக்கொண்டது போலிருக்கும். அந்த அமைதியில் எங்கோ குழாய் சொட்டுவது கேட்கும், யார் வீட்டிலோ பாத்திரம் உருளுவது கேட்கும். அன்று ஜெயப்ரியாவுக்கு முன்னறையிலிருந்து, பார்லரிலிருந்து, வேறொன்று கேட்டது. சாய்வு நாற்காலியின் ரெக்சின் மெல்ல முனகியது. யாரோ பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் வரும் சத்தம்.

போய்ப் பார்த்தாள். யாருமில்லை. இருக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனாள். அன்று புதன்கிழமை. புதன் மூன்று மணி தீபாவின் நேரம்.

ஆறு வருடத்துக்கு முன் பார்லர் திறந்தபோது புருவம் திருத்திக்கொள்ளவும் மருதாணி போட்டுக்கொள்ளவும்தான் பெண்கள் வந்தார்கள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். கலர் வருமா அக்கா? மார்க்கெட் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் சம்பந்தம்தான் அதற்கு வழி சொன்னார். இரண்டு ட்யூப், ஒரு வெளிநாட்டு டின். மூன்றையும் எவர்சில்வர் கிண்ணத்தில் குழைத்து, இரண்டு சொட்டு ரோஜா எசன்ஸ் விட்டு, லேபிள் இல்லாத வெள்ளை டப்பியில் அடைத்துக் கொடுத்தால் பதினைந்தாவது நாள் முகம் பளிச்சென்று ஆனது. ஊரே அதிசயப்பட்டது. அவளும்தான்.

எப்படி வேலை செய்கிறது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அவளுக்கே தெரியும் என்று நினைத்தாள். சாயப்பட்டறையில் கச்சாப் பட்டு வரும்போது விறைப்பாக, மங்கலாக, கயிறு மாதிரி இருக்கும். அதைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவிக்க வேண்டும். புழுவின் பசை கழன்று போகும். எடையில் கால்வாசி போய்விடும், ஆனால் அதன் பிறகுதான் பட்டில் பளபளப்பே வரும். பசை போகாத பட்டுக்கு மினுமினுப்பு இல்லை என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் அவள். முகத்திலும் அப்படி ஒரு பசை இருக்கிறது, அது போனால் உள்ளேயிருக்கும் பளபளப்பு வெளியே வரும் என்று நம்பினாள். தோல் உரிந்தால் பசை போகிறது. சிவந்தால் பசை போகிறது. எரிந்தால் பசை போகிறது. நூலுக்கு வலிக்காது என்பது மட்டும் அவள் நினைவுக்கு வரவேயில்லை.

தீபா சித்திரை மாதம் வந்தாள். பட்டுக்கடையில் பில் போடுகிறவள், இருபத்து மூன்று வயது, வாய் ஓயாமல் சிரிக்கிற பெண். போளூரிலிருந்து வந்து பார்த்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, பஜ்ஜியைத் தின்றுகொண்டே, பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி என்றார்களாம். கல்யாணம் தை மாதம்.

"தைக்குள்ள மாத்திடலாம் இல்லக்கா?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டே கேட்டாள்.

"நீ பாரு. உன் மாமியாரே அடையாளம் தெரியாம நிப்பாங்க," என்றாள் ஜெயப்ரியா.

கரண்ட் இல்லாத நேரத்தில் ஸ்டீமர் வேலை செய்யாது. அதனால் காஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, துண்டை முக்கிப் பிழிந்து, தீபாவின் முகத்தில் சுடச்சுடப் போடுவாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்ட அறை. மெரூன் துண்டின் மேல் ஆவி. மூக்கு இருக்கும் இடம் மேடாக, வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே போய் வெளியே வரும். அடியிலிருந்து தீபாவின் குரல் அமுங்கிக் கேட்கும்.

"எரியுதுக்கா."

"பொறுத்துக்க. பசை போவுது."

முதல் மாதம் ஜொலித்தாள். மூன்றாம் மாதம் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. ஒரு நாள் க்ரீம் போடாவிட்டால் முகம் காந்தியது, அதனால் இரண்டு வேளை போட ஆரம்பித்தாள். வெயிலில் வர முடியவில்லை, சுடிதார் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஐந்தாம் மாதம் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் காட்டினாள். "பாருக்கா, மூக்குத்தி கூட வெளுத்துடுச்சி." தங்க மூக்குத்தி வெள்ளி மாதிரி ஆகியிருந்தது. ஜெயப்ரியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் வலது கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். க்ரீம் குழைக்கும் விரலில் இருந்த கல்யாண மோதிரமும் எப்போதோ வெளுத்துப் போயிருந்தது. அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏதோ தப்பு என்று அன்றைக்கே தெரியும். அதன் பிறகும் நான்கு டப்பி கொடுத்தாள்.

போன வெள்ளிக்கிழமை தீபாவின் அம்மா ரேணுகாம்பாள் வந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பஸ் பிடித்து வந்திருந்தாள். காலில் செருப்பில்லை, ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"உடம்பெல்லாம் வீங்கிகினு கெடக்குறாமா. கண்ணே தொறக்க முடியல. கிட்னில ஏதோ விஷம் சேந்துகினு இருக்குதுன்றாங்க. மூஞ்சிக்கு இன்னா போட்டுகினு இருந்தான்னு கேக்குறாங்க. இன்னதுன்னு தெரிஞ்சா அதுக்கு மாத்து மருந்து இருக்குதாம், ஊசி போட்டு எறக்கிடலாமாம். ஜல்தியா சொல்லணுமாம். நீ கலக்குற க்ரீமுல இன்னா இருக்குது, அத மட்டும் சொல்லிடு. உன்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லமா."

அடுத்து தன் வாயிலிருந்து வந்ததை ஜெயப்ரியா இன்றுவரை யாரோ பேசியது போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கலக்கறது இல்ல பெரிம்மா. கம்பெனி க்ரீம்தான். இருங்க, தரேன், எட்னு போய்க் காட்டுங்க."

உள்ளே போனாள். பெட்டிக்கடையில் விற்கும் சாதாரண கோல்ட் க்ரீமைத் தோண்டி எடுத்து, வெள்ளை டப்பியில் அடைத்து, மேலே விரலால் தடவிச் சமன் செய்து, பாதி தீர்ந்தது போலச் செய்து, கொண்டுவந்து கொடுத்தாள். ரேணுகாம்பாள் அதை இரண்டு கையாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீ நல்லா இருக்கணும்மா," என்று சொல்லிவிட்டு, சுடுகிற ரோட்டில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

வியாழக்கிழமை துண்டில் இரண்டாவது கன்னமும் வந்திருந்தது.

ஜெயப்ரியா அதைக் கொடியிலிருந்து உருவிக் கொண்டுபோய், அப்பாவின் பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த மெரூன் சாயத்தூளைக் கரைத்து, உப்புப் போட்டு, அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம் அவித்தாள். சாயம் பிடிக்கச் செய்வது அவளுக்குக் கைவந்த வேலை. துண்டு முழுக்க ரத்தக் கட்டி நிறத்துக்கு ஏறியது. அந்த இரண்டு திட்டுகளில் மட்டும் ஒரு சொட்டுகூட ஏறவில்லை, தண்ணீர் தாமரை இலையில் நிற்பது போல வழிந்து போனது. அடுப்படி முழுக்க ஒரு வாசனை எழுந்தது. பட்டு அவிக்கும் வாசனை. புழுக்கூடும் சோப்பும் சேர்ந்து வேகும் அந்தக் கொழகொழத்த வாசனையில் அவள் பிறந்து வளர்ந்தவள், ஆயிரம் வாசனைக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அடுப்பில் இருந்தது பட்டில்லை. வெறும் பருத்தித் துண்டு.

சாயங்காலம் கணவன் குமரேசன் தறிக்கூடத்திலிருந்து வந்து மூக்கை உறிஞ்சினான். "இன்னாடி, பட்டா அவிச்ச வூட்ல?"

"இல்லீங்களே."

"கொமட்டுது." அவன் ஜன்னலைத் திறந்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். அவனுக்கும் அந்த வாசனை தெரிந்தது என்பதுதான் அவளைக் கலக்கியது. தன் மனக்கோளாறு என்று சொல்லி ஒதுக்க இனி வழியில்லை.

வெள்ளிக்கிழமை நெற்றி வந்தது. சனிக்கிழமை அவள் சம்பந்தத்தின் மருந்துக்கடைக்குப் போனாள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள்.

"அண்ணே, அந்த டின்ல இன்னாண்ணே இருக்குது?"

அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பேசினார். "எனக்கு இன்னா தெரியும்? சரக்கு வருது, குடுக்குறேன். உனக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியாத விஷயத்துல எதுக்கு பேஜார் பண்ணிக்கினு? கம்முனு வூட்டுக்குப் போ."

தெரியாது என்பது எத்தனை வசதியான வார்த்தை என்று திரும்பி நடக்கையில் நினைத்தாள். வரும் வழியில் கண்ணகியின் வீடு. கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கண்ணகி நின்றிருந்தாள், வெயில் படாத இருட்டில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. முன்பெல்லாம் தெருக்குழாயில் முதல் ஆளாகச் சண்டை போடுகிறவள். இப்போது பகலில் வெளியே வருவதில்லை. இரண்டு வீடு தள்ளி இன்னொரு கதவு, அதே மாதிரி ஒருக்களித்து. அதற்கப்பால் இன்னொன்று. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் நடந்தாள்? தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் மரியாதையான, நம்பிக்கையான ஒரு பார்வை அவளைத் தொடர்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குமரேசன் வீட்டில் இல்லாத நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய புடவைப் பெட்டியை இழுத்தாள். ட்யூப் அட்டைகளுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதங்களை அவள் எறிவதில்லை, க்ரீம் குழைத்த கரண்டி துடைக்க உதவும். எறும்பு ஊர்ந்தது போன்ற ஆங்கில எழுத்து. அவள் பத்தாவது வரை படித்தவள். பக்கத்தில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு, விரலை வரிமேல் ஓட்டி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு. டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாள் வரை மட்டும். முகத்தில் நீண்ட காலம் போட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், திடீரென்று நிறுத்தினால் சிவந்து எரியும். இரண்டாவது ட்யூபில் இரண்டு மருந்து இருந்தது. ஹைட்ரோகுவினோன், கருந்திட்டின் மேல் மட்டும், மேற்பார்வையில், சில மாதத்துக்கு மேல் கூடாது. ட்ரெட்டினாயின், இரவில் மட்டும், பட்டாணி அளவு, முகம் முழுக்கச் சேர்த்தே அவ்வளவுதான், கர்ப்பிணிகள் தொடக்கூடாது, வெயில் படாமல் காக்க வேண்டும். அவள் எலுமிச்சங்காய் அளவு எடுத்துக் குழைத்துக் கொடுத்தாள். கர்ப்பமாக இருக்கிறாயா என்று எந்தப் பெண்ணையும் கேட்டதில்லை. ஒவ்வொரு மருந்தும் தனித்தனியாக ஒரு நோய்க்கு மருந்துதான், அளவு தெரிந்த கையில். அவள் கையில் அளவு இல்லை.

டின்னுக்குள் காகிதமே இல்லை. அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினாள். சீட்டு உரிந்தது. அதற்கடியில், படிக்கக் கூடாது என்றே அச்சடித்த மாதிரி ஒரு வரி. மெர்க்குரி.

பாதரசம். அதற்கு டிக்‌ஷனரி தேவைப்படவில்லை. பாதரசம் தங்கத்தை வெளுக்கும், ஜரிகை மேல் பட்டால் ஜரிகை போச்சு என்று சின்ன வயதில் அப்பா எச்சரித்திருக்கிறார். தோல் வழியாக உள்ளே போகும், கிட்னியில் போய் உட்காரும் என்று யாரும் சொல்லவில்லை. ரேணுகாம்பாள் சொன்னாள். அவள் கேட்ட பெயர் இதுதான். இந்த ஒரு வார்த்தைதான். ஒன்பது நாளாக இது கட்டிலுக்கு அடியில் இருந்தது.

சொன்னால் போலீஸ் வரும். பார்லர் போகும். குமரேசன் முகத்தில் முழிக்க முடியாது. இதையெல்லாம் நினைத்து ஞாயிறு போனது, திங்கள் போனது, செவ்வாய் போனது. துண்டில் மூக்கு வந்தது. மோவாய் வந்தது. கண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு மெரூன் குழிகள் மட்டும் பாக்கி. அவள் அதை நாலாக மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள். காலையில் அது கொடியில் இருந்தது. ஈரமாக. குமரேசன் காயப் போட்டானோ என்று கேட்கவும் பயமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் தீர்மானம் செய்துவிட்டாள். ஒரு நோட்டுத் தாளில் எல்லாவற்றையும் எழுதினாள், பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும். ரேணுகாம்பாளின் செல் நம்பரை மேலே எழுதினாள். என்ன ஆனாலும் ஆகட்டும், அந்தப் பெண் பிழைத்தால் போதும். எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சில் கொஞ்சம் காற்றுப் புகுந்தது. செல்போன் பார்லரில் சார்ஜில் இருந்தது. எடுக்கப் போனாள்.

அப்போது தறிகள் நின்றன.

மணி மூன்று. பார்லரில் திரை இழுத்திருந்தது, அவள் இழுக்கவில்லை. சாயங்காலம் போன்ற மங்கல். வாசனை முதலில் வந்தது. கொழகொழவென்று, சூடாக, தொண்டையில் ஒட்டுகிற பட்டு வாசனை. அப்புறம் சத்தம். சொட். சொட். குழாய் இல்லை. தரையில், நாற்காலிக்குக் கீழே.

நாற்காலி பின்னால் சாய்ந்திருந்தது.

தலை வைக்கும் இடத்தில் துண்டு. மெரூன் துண்டு. விரித்துப் போட்டிருந்தது. ஆவி வந்தது. அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரமாகிறது. நாற்காலியில் உடம்பு இல்லை. ரெக்சின் மட்டும் அமுங்கியிருந்தது, தோள் அளவுக்கு, இடுப்பு அளவுக்கு. துண்டின் நடுவில் மேடு. அதற்குக் கீழே துணி உள்ளே போனது.

வெளியே வந்தது.

உள்ளே போனது.

ஜெயப்ரியா கதவைப் பார்த்தாள். ஓடலாம். கதவு மூன்றடி தூரம். ஆனால் அவள் ஓடவில்லை, ஏனென்றால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. வெட்கம். அந்த முகத்தைப் பார்த்து ஓட அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

"எரியுதுக்கா," என்றது துண்டு.

அமுங்கிய குரல். கோபமில்லை. எப்போதும் சொல்கிற மாதிரி.

அவள் வாயில் பழைய பதில் வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். கையிலிருந்த தாளைப் பிரித்தாள். எழுத்து தெரியவில்லை, தேவையுமில்லை.

"பீட்டாமெத்தசோன்," என்றாள். "ஹைட்ரோகுவினோன். ட்ரெட்டினாயின். டின்ல மெர்க்குரி. பாதரசம் தீபா. நான்தான் கலந்தேன். தெரியாமத்தான் கலந்தேன். ஆனா மூக்குத்தி வெளுத்தப்பவே தெரிஞ்சிடுச்சி. தெரிஞ்சே குடுத்தேன். உங்கம்மாகிட்ட பொய் சொன்னேன். வேற டப்பி குடுத்தேன். என்ன மன்னிச்சிடு. இப்ப போன் பண்றேன், இதோ இப்பவே பண்றேன். ஊசி போட்டா எறங்கிடுமாம். நீ பொழச்சிக்குவ."

துணி உள்ளே போனது.

வெளியே வரவில்லை.

மேடு மெல்லத் தணிந்தது. ரெக்சின் ஒரு முனகலோடு நிமிர்ந்தது. துண்டு தட்டையாகி, வெறும் துண்டாகி, நாற்காலியில் கிடந்தது. அவள் விரல் நுனியால் தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

செல்போன் அடித்தது. ரேணுகாம்பாள்.

"பெரிம்மா," என்று அவள் அவசரமாக ஆரம்பித்தாள். "பெரிம்மா, எழுதிக்கோங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க..."

"போயிட்டாமா." அந்தப் பக்கம் அழுகைகூட இல்லை, காய்ந்த குரல். "ரெண்டே முக்காலுக்கு. சாயங்காலம் ஊருக்கு இட்னு வந்துடுவோம்." கொஞ்ச நேரம் பஸ் ஹாரனும் யாரோ பேசுவதும் கேட்டது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் பண்ணேன். நீ குடுத்த டப்பிய டெஸ்ட் பண்ணி பாத்தாங்கமா. அதுல ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. நான் உன்ன சந்தேகப்பட்டு வந்து கேட்டுட்டேன். மனசுல வச்சிக்காதமா. அவ உன்ன அக்கா அக்கான்னுதான் சொல்லிகினு இருந்தா."

ஜெயப்ரியா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்தாகிவிட்டது, கேட்க வேண்டிய ஆள் இல்லாத அறையில். போன் தானாக அணைந்தது.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. வாசல் கேட் கிரீச்சிட்டது.

"அக்கா... ஜெயாக்கா." கண்ணகி. முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு, வெயிலில் கண் கூசி நின்றாள். "க்ரீம் தீந்துபோச்சிக்கா. ரெண்டு நாளா போடல. மூஞ்சி எரியுது, தாங்க முடியல. ஒரு டப்பி குடுக்கா."

போடாதே. அந்த ஒரு வார்த்தை போதும். போடாதே கண்ணகி, டாக்டர்கிட்ட போ, இதுல மெர்க்குரி இருக்குதுன்னு சொல்லு. ஜெயப்ரியா சொல்ல வாயெடுத்தாள். உதட்டின்மேல் ஏதோ பட்டது. சூடாக. ஈரமாக. துணி. மூச்சை இழுத்தாள், அதுவும் கூடவே உள்ளே வந்தது. கையை உயர்த்தி முகத்தைத் தடவினாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் கையில் இருந்தது. வெள்ளை டப்பி. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"குடுக்கா," என்று கண்ணகி கை நீட்டினாள்.

நடைவழியே கொல்லைப்புறம் தெரிந்தது. கொடியில் மிச்சம் எட்டுத் துண்டுகள். முருங்கையில் ஒரு இலைகூட அசையவில்லை. எட்டிலும் வெளுப்பு வந்திருந்தது. ஒன்றில் நெற்றி மட்டும். ஒன்றில் இரண்டு கன்னம். கடைசியில், மஞ்சள் நூல் தைத்ததில், முக்கால் முகம்.

எட்டும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.